சைலன்சருக்கு விளக்கெண்ணெய்

அரைகுறையாகப் புரிந்துகொண்டவனைப் போல ஆபத்தானவன் யாருமில்லை. ஒன்றுமே தெரியாதவன் சும்மாவாவது இருப்பான். நான் அப்போது மோட்டார் புத்தகம் ஒன்றைப் பாதி படித்திருந்தேன்.

என் தாய்மாமனிடம் ஒரு கார் இருந்தது. வீட்டை விட்டால் திருக்கோகர்ணம் கோயில், அதற்கு மேல் அது எங்கும் போகாது. புகைக்குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, சைலன்சர் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கிறது என்று மாமா புலம்புவார். காரணம் எனக்குத் தெரியும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் வரும். நெடுந்தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி அது வெளியே போய்விடும். கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தினால் உள்ளே தண்ணீராகத் தங்கி இரும்பைத் தின்னும். (இதுவரை சரி. இதோடு நிறுத்தியிருக்கலாம்.)

எங்கள் வீட்டில் பூட்டு, கீல், கிணற்று உருளை எது துருப்பிடித்தாலும் வைத்தியம் விளக்கெண்ணெய்தான். என் தங்கை கல்யாணத்துக்கு மாமா காரைக் கொடுத்தார். அந்த நன்றிக்கு, வண்டியின் பின்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஒரு பாட்டில் விளக்கெண்ணெயைப் புகைக்குழாய்க்குள் ஊற்றினேன். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகளுக்கு நடுவே அது சுகமாகப் போய்த் தங்கிவிட்டது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று காரை ஓட்டியவன் நான். பின் சீட்டில் மாப்பிள்ளை, காருக்கு முன்னால் மேளம், பின்னால் தாம்பாளங்களோடு சம்பந்தி அம்மாளும் பெண்களும். தேர் நகர்கிற வேகத்தில் கிளம்பினோம். சைலன்சர் சூடேறும்வரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

பிறகு வெள்ளைப் புகை வந்தது. திரும்பிப் பார்த்தால் ஊர்வலத்தைக் காணோம், இருமல் மட்டும் கேட்டது. வாசனை அதைவிட மோசம். எல்லோரும் சிறு வயதில் மூக்கைப் பிடித்துப் பேதிக்கு விளக்கெண்ணெய் குடித்தவர்கள். காற்று முன்பக்கம் திரும்பியதும் நாதஸ்வரக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"எங்க சனத்த அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டீங்களா? வண்டிய நிறுத்துங்க, எம் மகன் எறங்கட்டும்" என்றது புகைக்குள்ளிருந்து சம்பந்தி அம்மாளின் குரல்.

அலங்காரத்தோடு காத்திருக்கும் தங்கையின் கல்யாணம் என்னால் நின்றுபோகுமோ என்று உண்மையிலேயே பயந்தேன். வேகமாக ஓட்டி எண்ணெயை எரித்துத் தீர்த்தால் புகை நின்றுவிடும் என்றது பாதிப் புத்தகம் படித்த மூளை. ஓட்டினேன். மேளக்காரர்கள் சிதறி ஒதுங்கினார்கள். மாப்பிள்ளையோடு கார் குளத்தூர் சாலையில் பறந்தது.

"எங்கிட்டுங்க போறோம்?" என்றார் மாப்பிள்ளை நிதானமாக.

"எண்ணெய் தீர்ற வரைக்கும், மாப்பிள்ளை."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிங்க. காத்தாவது நல்லா வருது."

புகை சுத்தமாக நின்ற பிறகு திரும்பினோம். அதற்குள் மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று பாதி ஊரும், பெண் வீட்டார் கடத்திவிட்டார்கள் என்று மீதி ஊரும் பேசிக்கொண்டிருந்தன. சம்பந்தி அம்மாள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை இறங்கி, "நாந்தான் ஆத்தா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு சொன்னேன்" என்றார். அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

அம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "தாலி கட்டுறதுக்கு முந்தியே அங்கிட்டு சாஞ்சிட்டியா?" என்றார். முதலில் சிரித்தது நாதஸ்வரக்காரர்தான். கல்யாணம் நடந்தது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை அழைப்பென்றால் தங்கை நேராக என்னிடம் வந்து கையை நீட்டுவாள்.

"சாவியக் குடுங்கண்ணே. மாப்பிள்ளை கார்ல வரட்டும், நீங்க நடந்து வாங்க."