கணப்புக்காகப் படித்த ஞானோபதேசம்

ஒரு மனுஷிக்குப் பக்தி எப்படி வருகிறது என்பதற்குப் பெரியவர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். பூர்வ புண்ணியம் என்கிறார்கள், குருவருள் என்கிறார்கள். எனக்கு அது கரி அடுப்பிலிருந்து வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நான் படித்தது ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி. காலையில் முதல் மணி அடித்ததும் எங்களை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். வேதக்காரப் பிள்ளைகளுக்கு, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு, ஞானோபதேசம். மற்றவர்களுக்கு நீதிபோதனை. (அதாவது அவர்களுக்கு மோட்சம், எங்களுக்கு ஒழுக்கம்.) ஞானோபதேச வகுப்பு கன்னியர் மடத்தை ஒட்டிய அறையில் நடக்கும். அங்கே ஓர் இரும்புக் கணப்பில் கரி கனன்றுகொண்டிருக்கும். நீதிபோதனை, தகரக் கூரை போட்ட தாழ்வாரத்தில். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்து, பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டு போகும்.

என் பெயர் பழனியம்மாள். மேல்மலைக் கிராமம். அய்யா பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். ஊரில் படிக்க வசதி இல்லாததால் கொடைக்கானலில் அத்தை வீட்டில் என்னை விட்டிருந்தார். ஞாயிறு சந்தைக்கு மட்டக்குதிரை மேல் பூண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவார். போகும்போது எனக்கு ஒரு படி பூண்டு கொடுத்துவிட்டுப் போவார். வேறு குழந்தைகளின் அப்பாக்கள் மிட்டாய் கொடுப்பார்களாம்.

ஒரு நாள் குளிர் தாங்காமல் நீதிபோதனையிலிருந்து நழுவி, ஞானோபதேச அறையின் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஒளிந்து நின்றதாகத்தான் நினைப்பு. ஆனால் என் சட்டையில் இருந்த பூண்டு வாசம் எனக்கு முன்னாலேயே வகுப்புக்குள் போய்விட்டது. சிஸ்டர் பிலோமினா மூக்கை உறிஞ்சியபடி கதவை இழுத்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சத்தம் பெரிது, மனசு அதைவிடப் பெரிது.

"ஏட்டி, ஒனக்கு இங்க என்ன சோலி?"

"குளுருதுங்க சிஸ்டர்."

"சரி, உக்காரு. வாய மட்டும் தொறக்கக் கூடாது."

வாய் மூடியிருந்ததால் காது நன்றாக வேலை செய்தது. கேள்வியும் பதிலுமாக, ஒரு ராகத்தோடு, சின்னக் குறிப்பிடம் என்ற அந்த ஞானோபதேசப் புத்தகம் முழுவதும் ஒரே வருஷத்தில் எனக்குள் இறங்கிவிட்டது. வேதக்காரப் பிள்ளைகள் அவ்வளவு மெனக்கெடவில்லை. அவர்களுக்கு மோட்சம் பரம்பரைச் சொத்து. நான் குத்தகைக்கு வந்தவள், அதனால் பாடுபட்டேன். தலைக்கனமும் ஏறியது. அத்தை விளக்கேற்றும்போது பக்கத்தில் நின்று, பத்துக் கட்டளைகளில் முதலாவதை, ஒரே கடவுளைத் தவிர வேறு சாமியைக் கும்பிடக் கூடாது என்பதை, எடுத்துச் சொன்னேன். அத்தை கரண்டியை எடுத்தாள். அதோடு வீட்டுக்குள் வேதப் பிரசங்கம் நின்றது.

இப்படியே ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. ஆறாம் வகுப்பு வேண்டுமென்றால் அதே கன்னியர்கள் நடத்திய பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே போர்டிங் உண்டு, இங்கிலீஷ் உண்டு, நீலக் கம்பளிச் சட்டை உண்டு. பணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒன்றிரண்டு இலவச இடங்களும் உண்டு. அந்த நீலச் சட்டையை நினைத்துக்கொண்டே நான் தூங்குவேன்.

சந்தைக்கு வந்த அய்யாவிடம் சிஸ்டரே பேசினார்.

"பிள்ள நல்லாப் படிக்கா. மேல படிக்க வையுங்க."

"பூண்டு உரிக்கிறதுக்கு அஞ்சாப்பே சாஸ்திங்க சிஸ்டரு."

"சும்மா எடம் கெடச்சா அனுப்புவீங்களா?"

அய்யா யோசித்தார். இலவசமாகக் கிடைக்கிற எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "சும்மா கெடச்சா அனுப்புறதுக்கு என்னங்க" என்றார். என் எதிர்காலம் அந்த ஒரு 'சும்மா'வில் தொங்கியது.

அந்தச் சமயம் பார்த்து மேற்றிராணியார், அதாவது பிஷப், மலைக்கு வருவதாகச் செய்தி வந்தது. ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுப்பதற்காகச் சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவார். நெற்றியில் எண்ணெய் பூசிக் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். விசுவாசத்துக்காக அடியும் தாங்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். (பாவம் அதிகம் செய்த பிள்ளைக்கு அறை பலமாக விழும் என்று எங்கள் வகுப்பில் பேசிக்கொண்டார்கள். கன்னத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பழக்கியவர்களும் உண்டு.) அதற்கு முன்னால் வேதக்கோயிலில் எல்லார் முன்னிலையிலும் அவர் ஞானோபதேசத்தில் கேள்வி கேட்பார். யாரும் பதில் சொல்லாவிட்டால் அந்தக் கோயிலுக்குப் பொறுப்பான பங்குச் சாமியாரின் மானம் போகும், சாமியார் சிஸ்டரின் மானத்தை வாங்குவார்.

சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முன் வரிசை ஓரத்துல நீ இரு. எவளுக்கும் பதில் வரலேன்னா நீ சொல்லு. சொல்லிட்டு வெரசாத் தூணுக்குப் பின்னால வந்திரு. வரிசையில போகக் கூடாது, கேட்டியா? பூசை முடிஞ்சதும் ஒன்னய பிஷப் ஆண்டவர்கிட்டக் கூட்டிட்டுப் போயி, ஆறாப்புக்கு ஒரு எடம் கேக்குறேன்."

அன்று காலை நான் வெள்ளனே எழுந்தேன். இது சாதாரணப் பரீட்சையா? பரீட்சை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அத்தை வீட்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்று, "முருகா, பிஷப்பு கேக்குறதுக்கெல்லாம் எனக்குப் பதில் வரணும்" என்று மனமுருக வேண்டிக்கொண்டு, தண்ணீரில் குழைத்துத் திருநீற்றை மூன்று பட்டையாக இழுத்தேன். வழக்கத்தைவிடக் கனமாகவே. ஏசுநாதரிடம் வேண்டியிருக்கலாமே என்றால், கஷ்டம் வரும்போது சொந்தக்காரரிடம்தானே முதலில் போவோம்.

கோயில் வாசலில் சிஸ்டர் எல்லாப் பெண்களுக்கும் வெள்ளை முக்காடு போட்டுவிட்டார். அவசரத்தில் எனக்குப் போட்டது யாரோ பெரிய பெண்ணுடையது. புருவம் வரைக்கும் இறங்கியது. திருநீறு அதற்குள் பத்திரமாக இருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறிவந்த மேற்றிராணியாரின் முகம் வெளுத்திருந்தது. அத்தனை வளைவு சுற்றி வந்தால் மேற்றிராணியாருக்கும் வயிறு புரட்டும்தானே. ஆனால் குரலில் கோபமே இல்லை. முதல் பையனிடம் கேள்வி கேட்டார். அவன் அழுதான். அடுத்து ஒரு பெண்ணிடம், ஞானஸ்நானம், உறுதிபூசுதல் போன்ற சடங்குகளான தேவதிரவிய அனுமானங்கள் எத்தனை என்றார். ஏழு. அவள் "பத்து" என்றாள். (கட்டளைக் கணக்கை இங்கே கொண்டுவந்துவிட்டாள்.) மூன்றாவது பையன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். பங்குச் சாமியாரின் காது சிவந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். ஏழையும் மூச்சு விடாமல் சொன்னேன். அடுத்த கேள்வி கேட்டார், சொன்னேன். இன்னொன்று கேட்டார், அதற்கும் சொல்லி, அவர் கேட்காத அடுத்த இரண்டுக்கும் சேர்த்துச் சொன்னேன். நிறுத்தத் தெரியவில்லை. முருகன் அன்று அப்படி அள்ளிக் கொடுத்தான்.

மேற்றிராணியாரின் வெளுத்த முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. "இந்த மலையில இப்படி ஒரு பிள்ளையா! உனக்குத்தான் முதல்ல. வா அம்மா" என்று கையை நீட்டினார்.

சிஸ்டரைப் பார்த்தேன். ஜெபமாலையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் நின்றுவிட்டன. சாமியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அத்தனை ஜனங்களையும் பார்த்து, மூடிக்கொண்டார். இந்தப் பிள்ளை நம் பிள்ளை இல்லை என்று அந்த நேரத்தில் யார் சொல்ல முடியும்? பெண்பிள்ளைகளைத் தோளில் கை வைத்துப் பீடத்துக்கு அனுப்ப ஞானத்தாயாக நின்ற டீச்சரம்மாவுக்கு முகம் பார்க்கும் பழக்கம் இல்லை. தோள் வந்தால் கை வைப்பார். என் தோளிலும் வைத்துத் தள்ளினார். நானாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண்ணில் நீலச் சட்டை தெரிந்தது. ஆறாம் வகுப்புக்குப் போகிற பாதை இந்தப் பீடத்தின் வழியாக என்றால் நடந்துவிட வேண்டியதுதான் என்று கை கூப்பிக்கொண்டு நடந்தேன்.

முழங்காலிட்டேன். மேற்றிராணியார் கட்டைவிரலை எண்ணெயில் தொட்டு, மறு கையால் என் முக்காட்டை மேலே ஒதுக்கினார். விரல் அந்தரத்தில் நின்றது.

"இன்னைக்கு விபூதிப் புதன் இல்லையே அம்மா?"

"இல்லீங்க சாமி."

"இதை யார் பூசிவிட்டது?"

"நானேதாங்க பூசுனேன். நீங்க கேக்குறதுக்கெல்லாம் பதில் வரணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டுப் பூசுனேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மேற்றிராணியார் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, "உன் பேரு என்ன?" என்றார்.

"பழனியம்மாள்."

"இவ்வளவும் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நன்றியுள்ள மாணவியாகக் கையை நீட்டிக் காட்டினேன். "அந்தா நிக்கிறாங்களே, எங்க சிஸ்டருதாங்க. நல்லாச் சொன்னா ஆறாப்புக்குச் சும்மா எடம் வாங்கித் தாரேன்னு சொன்னாங்க!"

அந்த ஒரு வாக்கியத்தால் சிஸ்டரையும் என்னையும் சேர்த்துக் கவிழ்த்தேன். அதைக் கேட்ட ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள்: ஏமாற்றுவதற்குக் கூலி என்று சிலர், வேதத்தில் சேர்வதற்கு விலை என்று சிலர். மேற்றிராணியார் எண்ணெய் விரலைப் பஞ்சில் துடைத்தார். பிறகு மறு கையால் என் கன்னத்தைத் தட்டினார். "ரொம்ப நல்லாச் சொன்னே. போய் உட்காரு" என்றார். எனக்கோ அதுதான் அந்தப் பிரசித்தமான அறை என்று நினைப்பு. எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டதாக எண்ணி, கண்ணைப் பாதி மூடி, கோயில் படத்திலிருக்கும் புனித அர்ச்சியசிஷ்டவள் போல நடந்து போய் உட்கார்ந்தேன்.

பூசை முடிந்ததும் கோயிலின் பக்கத்து அறையிலிருந்து சாமியாரின் குரல் கேட்டது. "வேதத்துல சேராத அஞ்ஞானிப் பிள்ளைய வச்சு ஆண்டவரையே ஏமாத்தப் பாத்தீங்களா?" சிஸ்டரின் குரலும் கேட்டது. "பதில் சொன்னது அவதானே சாமி?" மேற்றிராணியார் மத்தியானமே மலை இறங்கிவிட்டார். சீக்கிரத்தில் சிஸ்டரையும் சமவெளியில் ஏதோ ஒரு மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக விடவில்லை. ஆறாம் வகுப்பைப் பற்றி அதன் பிறகு யாரும் வாயே திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சந்தையில் அய்யா மூட்டையை இறக்குவதற்குள் செய்தி வந்துவிட்டது.

"அண்ணே, ஒங்க மகளுக்கு பிஷப்பு எண்ணெ வச்சு வேதத்துல சேத்துட்டாராமே! ஆறாப்புக்காகவா குடுத்தீக?"

அய்யா அத்தை வீட்டுக்கு வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். பூண்டு மூட்டை இறங்கிய இடத்தில், குதிரை முதுகில், என்னை ஏற்றினார்.

"எண்ணெ வைக்கவே இல்லய்யா. வெரலத் தொடச்சுட்டாரு."

"வாய மூடு."

ஊர் எல்லையில் வைத்து என் தலையில் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். அப்புறம் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். "ஏ புள்ள, நீ நம்ம சாமியத்தேன் கும்புடுறேன்னா, முருகன் மேல ஒரு பாட்டச் சொல்லு பாப்போம்" என்றார் பூசாரி. எனக்குப் பாட்டுத் தெரியும். அத்தை தினமும் பாடுவாள். ஆனால் ஊரே சுற்றி நின்று முறைத்தது. பயத்தில் நாக்கு தனக்குப் பழகிய தடத்தில் ஓடிவிட்டது. கை கட்டி, கண் மூடி, சிஸ்டரின் அதே ராகத்தில், தேவதிரவிய அனுமானங்கள் ஏழையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

பூசாரி இரண்டு எட்டுப் பின்னால் போனார். மறுபடியும் குடம் வந்தது.

அங்கே நான் அஞ்ஞானி, இங்கே நான் வேதக்காரி. இரண்டு பக்கத்துச் சாமிகளுக்கும் என் மேல் ஒரு வருத்தமும் இருந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மனுஷர்கள்தான் என்னைக் கழித்துக் கட்டினார்கள். மிச்சம் இருந்தது பூண்டுக்காடு. கல்யாணம் ஆகும் வரைக்கும் அதில்தான் குனிந்து கிடந்தேன். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. வயசானால் கோபம் தணியும் என்று சொன்னவர்கள் யாரும் பூண்டு பிடுங்கியிருக்க மாட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அய்யா என் தம்பி சுப்பிரமணியைக் கொடைக்கானலில் ஒரு சாமியார் பள்ளிக்கூடத்திலேயே போர்டிங்கில் சேர்த்தார். "அவளை மட்டும் ஏன்யா நிறுத்துனீக?" என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "ஆம்பளப் பயலுக்கு எந்த எண்ணெயும் ஒட்டாது."

தம்பி நன்றாகப் படித்தான். பாங்கு மானேஜராகி ஓய்வும் பெற்றுவிட்டான். நான் என் மூத்த மகன் எட்டாம் வகுப்பு எழுதிய வருஷம், அவனோடு உட்கார்ந்து படித்து, தனித்தேர்வில் எட்டு எழுதினேன். பிறகு நானாகத் தட்டுத் தடுமாறிக் கொஞ்சம் மேலே வந்தேன். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று எது நடந்தாலும் சொல்லப்படுவது பிஷப் கதைதான். சொல்கிறவன் சுப்பிரமணி. அந்தச் சமயத்தில் அவன் ஊரில் மூக்கை ஒழுக்கிக்கொண்டு திரிந்தவன். ஆனால் நேரில் பார்த்தது போலவே, நடுநடுவே சாமியார் பள்ளி இங்கிலீஷும் கலந்து சொல்வான். அவன் கதையில் மேற்றிராணியார் என் திருநீற்றைப் பார்த்ததும் பளாரென்று ஓர் அறை விடுவார். முன்பெல்லாம் நான் தள்ளாடினதோடு கதை முடிந்தது. பிறகு கீழே விழ ஆரம்பித்தேன். போன மாதம் என் பேத்தி கல்யாணத்தில் ஒரு பல்லும் விழுந்துவிட்டது. பந்தலே உருண்டு சிரித்தது.

"அறையலப்பா, தட்டுனாரு" என்றேன். ஒவ்வொரு தடவையும் இதை மட்டும் சொல்வேன்.

"சும்மா இரு அக்கா. கதைக்கு அறைதான் நல்லாருக்கு" என்றான் தம்பி.

அவனுக்குச் சரி. பரிசுக் கோப்பைகளை வைக்கவே வீட்டில் ஓர் அலமாரி வைத்திருக்கிறான். நன்றாகப் படித்தேன் என்று நாலு பேர் முன்னால் என்னைத் தட்டிக்கொடுத்தவர் என் ஆயுசில் அந்த ஒருவர்தான். அதையும் அடியாக ஆக்கிவிட்டார்கள்.