நெற்றிப் பொட்டும் நரம்பு புரோட்டீனும்

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், ஒரே வரியில் சொல்லிவிட்டு வாயை மூடத் தெரியாது எனக்கு. இது ஒரு வியாதி. அது முற்றிய நாள், என்னைப் பெண் பார்க்க வந்த நாள்.

தொண்ணூறுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் வீடு. அப்பாவுக்குப் பட்டு நெசவு. நான் சென்னையில் பிஎச்.டி. முதல் வருஷம். (தெருவிலேயே முதல் ஆள் என்ற திமிர் வேறு.) அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "வர்றவங்க ஒத்துக்கினா படி. இல்லன்னா இத்தோட நிறுத்திக்க." அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணம் எப்படியோ போகட்டும், என் ஆராய்ச்சி அவர்கள் கையில் இருந்தது.

முசரவாக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. (வெட்கப்பட வேண்டியவள் நான்!) அவருடைய மாமா ஒரு விவசாயி. பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாமா படிக்கிற?"

அடக்கமாக "சயின்ஸ்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"நரம்பு செல்லுக்குள்ள சேதி கொண்டுபோற புரோட்டீன் இருக்குது மாமா. அதுல பாஸ்பேட் ஒட்டுனா அது எப்படி மாறுதுன்னு பார்க்கிறேன்."

"பாஸ்பேட்டா? டி.ஏ.பி.யா, சூப்பரா?"

"உரம் இல்ல மாமா..."

"நெல்லுக்கு நாங்க போடுவோம். நரம்புக்கு எத்தினி மூட்டை?"

கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், அதுதான் தாங்கவில்லை. சுர்ரென்று ஏறிவிட்டது எனக்கு. "இருங்க, காட்டறேன்" என்று எழுந்தேன். எதை வைத்துக் காட்டுவது? கை தானாக நெற்றிக்குப் போனது. ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்தேன்.

"இதான் பாஸ்பேட். இவர்தான் புரோட்டீன். சும்மா உக்காந்துக்கினு இருக்காரு. இப்ப ஒட்டுறேன், பாருங்க!"

மாப்பிள்ளையின் புறங்கையில் ஒட்டியேவிட்டேன்.

சிரிப்பு நின்றது. "ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா பொட்டைப் பிச்சிட்டாளே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெறும் நெற்றியோடு, முன்பின் தெரியாத ஆம்பளையின் கையைப் பிடித்தபடி நடுக்கூடத்தில் நிற்கிறேன். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாப்பிள்ளை மெதுவாக எழுந்து நின்றார்.

"ஒட்டுனா இப்படி எழுந்து வேலை செய்யும். அதானே?" என்றவர், பொட்டை உரித்து என்னிடம் நீட்டினார். "உரிச்சா மறுபடி உக்காந்துடணும்." உட்கார்ந்தும் விட்டார்.

அடி சக்கை! என் தோழிகளுக்கே ஆறு மாதமாகப் புரியாத விஷயம். இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். "மொதல்ல அதை நெத்தியில வெச்சுக்கமா," என்றார். வைத்துக்கொண்டேன். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"இவ படிப்பை நிறுத்திடாதீங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சிது. மீதியை அப்புறம் யாரு சொல்றது?"

ஐந்து வருஷம் கழித்து எனக்கு வாய்மொழித் தேர்வு. மாப்பிள்ளையின் அம்மா, இப்போது என் அத்தை, பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நானும் வெளுத்துக் கட்டினேன். கடைசியில் தேர்வாளர், "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். அத்தை எழுந்தார்.

"ஒட்டறதையே சொல்லிக்கினு இருக்கியே, உரிக்கிறது யாருமா?"

மாட்டிக்கொண்டேன். உரிக்கிற என்சைமைப் பற்றிய பக்கத்தை அவசரத்தில் தாண்டியிருந்தேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி, "நானே கேட்க நினைத்த கேள்வி" என்றார். சமாளித்துப் பதில் சொன்னேன்; பட்டமும் வந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை விடுவதில்லை: "எங்க வீட்டுல மொத்தம் ஒண்ணரை டாக்டருங்க. அவ ஒண்ணு, நான் அரை."