முதுகுக்கும் ஒப்பனை

வாசகரே, படத்தில் அழகாக விழுவதற்கென்றே பிறவியெடுத்த ஓர் இனம் உண்டு. கைபேசியைக் கண்டதும் தொந்தியை உள்ளே இழுத்து, மோவாயை அரை அங்குலம் தூக்கி, "இருங்க, இந்தப் பக்கம்தான் எனக்கு நல்லா வரும்" என்று கூட்டத்தையே இடம் மாற்றி நிறுத்தி, எடுத்த நூறில் தொண்ணூறைக் கழித்து, மிச்சத்தில் கன்னத்தை வழித்து, வயதில் பத்தைக் குறைத்த பிறகுதான் இவர்களுக்கு மூச்சே வரும். கைபேசிதான் பாவம்.

எங்கள் மாடிவீட்டுக்காரர் இந்த இனத்துக்குத் தலைவர். அவர் முதுகில் மிளகளவு இருந்த மச்சம் ஆறே மாதத்தில் சட்டைப் பொத்தான் அளவாகிவிட்டது. மனைவி டாக்டரிடம் காட்டச் சொல்லி நச்சரித்தார். நம்மவர் காட்டாமல் இருப்பாரா? படமெடுத்து அனுப்பினார். சும்மா அனுப்புவாரா? ஓரத்தை வழித்து, கருப்பைக் குறைத்து, மினுமினுப்பாக்கி அனுப்பினார்.

தோல் மருத்துவரம்மாவிடமிருந்து பதில் வந்தது: "படத்துல ஓரம் சீரா இருக்கு, நிறமும் ஒரே மாதிரி இருக்கு. சாதாரண மச்சமாத்தான் தெரியுது. எதுக்கும் நேர்ல வாங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினார் மனிதர்.

மனைவி கைபேசியை வாங்கிப் பார்த்தார். "ஏங்க, இது யாரு முதுகு?"

"என்னோடதுதான்."

"இருபத்திரண்டு வருஷமா நான் பாக்குற முதுகு இது இல்ல. கிளம்புங்க."

துணைக்கு நானும் போனேன். மருத்துவர், விளக்கு வைத்த சின்னப் பூதக்கண்ணாடிக் கருவியை மச்சத்தின்மேல் ஒட்டிவைத்தார். பக்கத்துத் திரையில் அது விரிந்தது. ஓரமெல்லாம் எலி கடித்த காகிதம். கருப்பு, பழுப்பு, ஒரு மூலையில் நீலம். நல்லதா கெட்டதா என்று காட்டிக்கொடுப்பவை அந்த ஓரமும் நிறமும்தானாம். நம்மவர் மெனக்கெட்டு அழித்ததும் அவற்றைத்தான்.

"இன்னொண்ணு எடுங்க டாக்டர், வெளிச்சம் சரியில்ல."

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு சார். இதைச் சீக்கிரம் வெட்டி எடுத்துடணும்."

எடுத்தார்கள். சோதித்தார்கள். கெட்டதுதான், தோல் புற்று. நல்லவேளை, ஆழம் போகவில்லை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வராந்தாவில் அந்த அம்மாள் கணவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதபோது எனக்கும் கேலி பண்ண மனம் வரவில்லை. ஐந்து நிமிடம்தான். அதற்குள் மனிதர், "கட்டு தெரியிற மாதிரி ஒண்ணு எடுங்க" என்று கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் அடையாள அட்டையை எடுத்து அதிலிருக்கும் முகத்தைப் பாருங்கள். "ஐயோ, இது நானே இல்ல" என்று இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? அதுதான் ஐயா நீங்கள். மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் அந்த ஆளையே கூட்டிக்கொண்டு போங்கள்.