அசனப் பந்தலில் அணைந்த விளக்கு

ஒழுங்கு பிடித்தவனுக்கு வரும் அவமானம் பெரும்பாலும் அந்த ஒழுங்கினால்தான் வருகிறது. எனக்கு அது ஓர் அசனப் பந்தலில் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் காது சுடுகிறது.

அப்போது ஆற்றங்கரைப் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். (டைனமோவுக்கு எண்ணெய் விடுவதுதான் வேலை. ஊரில் எஞ்சினியர் என்று சொல்லி வைத்திருந்தேன்.) சீவலப்பேரிப் பக்கம் எங்கள் வேதக்கோயில் பண்டிகை. முதலாளியிடம் கெஞ்சி, டைனமோவையும் அதைச் சுழற்றும் எஞ்சினையும் மாட்டுவண்டியில் கொண்டுவந்தேன். சபையார் எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு வள்ளியூர் உபதேசியார் ஒருவர் வந்திருந்தார். தம் மகளுக்கு என்னைப் பார்க்கத்தான். மகளும் கூட வந்திருந்தாள்.

குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓடினால் எனக்குப் பிடிக்காது. ஆகவே எல்லா விளக்குகளையும் பூச்சரம்போல ஒரே கம்பியில் கோத்தேன். ஒன்றின் வழியாகப் போய்த்தான் அடுத்ததற்கு மின்சாரம் போகும். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"காஸ் லைட்டு ரெண்டு ஓரமா நிக்கட்டுமே தம்பி" என்றார் சபை மூப்பர்.

"எதுக்கு அண்ணாச்சி? இது அணையாது" என்று அவற்றைத் திருப்பி அனுப்பினேன்.

ஜெபம் முடிந்தது. கறிக்குழம்பு ஊற்றினார்கள். திடீரென்று பந்தல் முழுக்க இருட்டு.

எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. ஆகவே எவனோ விளக்கில் கை வைத்திருக்கிறான். பந்தல் மூங்கில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் பாய்ந்தேன்.

"ஏலே, எந்தக் களவாணிப்பய விளக்கைத் திருகுனது? கைய ஒடிச்சுருவேன்."

எனக்கு நேர் முன்னால் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: "நாந்தான் தம்பி. வயக்காட்டுப் பூச்சியெல்லாம் விளக்குக்கு வந்து எலையில விழுது. இது ஒண்ணை மட்டும் அமத்தலாம்னு திருகுனேன். வலது கையில குழம்பு இருக்கு. இடது கையத் தாறேன், ஒடிங்க."

சொல்லிக்கொண்டே பல்பைத் திரும்ப முறுக்கினார். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. (அப்போதுதானா எரிய வேண்டும்?) நான் ஓங்கிய மூங்கிலோடு நின்றேன். எதிரே உபதேசியார் இடது கையை நீட்டியபடி இருந்தார். பெண்கள் வரிசையில் ஒருத்தி மட்டும் சிரித்தாள்.

எப்படியோ பெண் கொடுத்தார். கோயிலில் மகளின் கையை என் கையில் வைக்கும்போது, மணம் நடத்திய பாதிரி ஐயருக்குக் கேட்காமல், "இதையாவது ஒடிக்காம வச்சுக்கிடுங்க" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தால், தீப்பெட்டியைத் தேடுமுன் இருட்டில் ஓர் இடது கை என் முன்னால் நீளும். பெரும்பாலும் அது அன்று சிரித்தவளுடையது.