நாற்பது அங்குல மாப்பிள்ளை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். ஆயிரத்தையும் சமாளிக்கிற திறமைசாலிகள் எங்கோ இருக்கலாம். நான் சொன்னது ஒன்றே ஒன்று. அதையும் எட்டு வாரம் சுமந்துபோய், சரியாக முகூர்த்த நேரத்தில் போட்டு உடைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் நான்கு மாடும் உண்டு. வேலை கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்புக் கம்பெனியின் ஸ்டோரில். உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டையைக் கழற்றினால் எலும்பை எண்ணலாம், சட்டையோடும் ஓரளவுக்கு எண்ணலாம். பெண் சின்னக்கானல் எஸ்டேட்டைச் சேர்ந்தவள், பெயர் மலர்க்கொடி. அவளுடைய அம்மா அங்கே தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுப்பவர். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் அவர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

நான் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சாம்பார். பக்கத்திலிருந்த ஷாஜி உதவி செய்வதாக நினைத்து, என் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தான்.

"மாப்ள, முகூர்த்தச் சட்டைய என் கையாலதான் தைக்கணும்னு இருக்கேன். நெஞ்சளவு எம்புட்டுன்னு சொல்லுங்க."

மேசையைச் சுற்றி மென்றுகொண்டிருந்த நான்கு வாய்கள் நின்றன. நால்வரும் லோடிங் பிரிவு. அவர்களுடைய கை எனக்குத் தொடை. முப்பத்துநான்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியம்.

"நாப்பதுங்க அத்தை."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. மலையில் டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, "நாப்பதா... சரி மாப்ள" என்று வைத்துவிட்டார். ஷாஜி என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றான். (மலையாளத்தில் பாராட்டுகிற வார்த்தைதான். அவன் பாராட்டவில்லை.)

அன்று மாலையே கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. முகூர்த்தச் சட்டையை முன்னதாகப் போட்டுப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. மணமேடையில் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை உள்ளே போய் உடுத்திக்கொண்டு நேராக வந்து தாலி கட்ட வேண்டும். நாற்பது அங்குலச் சட்டைக்குள் முப்பத்துநான்கு அங்குலமாக நான் வந்து நிற்பதை மண்டபமே பார்க்கும். அவர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மலர்க்கொடி பார்ப்பாள். வாயைத் திறந்ததும் பொய் சொல்கிற ஆளுக்கா கழுத்தை நீட்டுகிறோம் என்று அவள் நினைத்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. (அளவு அதனால் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும்.)

கல்யாணத்துக்கு எட்டு வாரம் இருந்தது. ஆறு அங்குலம் வேண்டும். வாரத்துக்கு முக்கால் அங்குலம். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், நியாயமாகத்தான் தெரிந்தது.

ஜிம்முக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், கையில் கிடைத்ததை வைத்து ஆரம்பித்தேன். போனில் வீடியோ பார்த்து, இரண்டு செங்கல்லை அகலமாக வைத்து, அதன்மேல் கையூன்றித் தண்டால். முதல் நாள் மூன்று எடுத்தேன். நான்காவதற்குக் கீழே போனவன் அங்கேயே இருந்தேன். அம்மா வந்து, என்ன தொலைந்துபோயிற்று என்று கேட்டுவிட்டுத் தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். இரண்டாம் வாரம் முதுகில் பாதி மூட்டை மணல். மூன்றாம் வாரம் தென்னைக்குக் குழி வெட்டுகிற கடப்பாரையின் இரு முனையிலும் பால் கேனைத் தொங்கவிட்டு, கேனில் தண்ணீர் ஊற்றி, பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே தூக்கினேன்.

அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார்.

"ஏண்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னா கேனுக்குக் காட்டீட்டு இருக்கற?"

"உடம்புக்குங்கப்பா."

"உடம்புக்குன்னா சோத்தத் தின்னு. அந்தக் கேனு சொசைட்டிக்குப் போகோணும்."

ஏழாவது வார முடிவில் மூச்சை இழுத்துப் பிடித்தால் முப்பத்தைந்தரை. விட்டால் பழைய முப்பத்துநான்கே. தாலி கட்டி முடியும்வரை மூச்சை விடாமல் இருக்க முடியுமா என்றும் யோசித்தேன். முகூர்த்தம் முக்கால் மணி நேரம் என்பதால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது புத்தி முழுசாகப் போயிற்று. இரண்டு கேனையும் விளிம்புவரை நிரப்பிக்கொண்டு படுத்தேன். இடப்பக்கக் கேன் வழுக்கிக் கீழே விழ, கடப்பாரை வலப்பக்கமாகச் சாய்ந்து இழுக்க, நெஞ்சுக்குள் 'கிளுக்' என்றது. சதை பிசகியிருக்கிறது, பத்து நாள் கையைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் தாலி கட்ட வேண்டும் என்றேன். அவர் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் நெஞ்சு வீங்கியிருந்தது. பழக்கதோஷத்தில் டேப்பை வைத்தேன். முப்பத்தாறரை! எட்டு வாரம் உழைத்தும் வராதது ஒரே ராத்திரியில் வந்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வலியிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மிச்சம் மூன்றரை அங்குலத்துக்கு ஒரு தடித்த குளியல் துண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

கல்யாணம் பெண் வீட்டுப் பக்கம், மலை மேலே ஒரு சின்ன மண்டபத்தில். தாம்பாளத்தில் சட்டையை வாங்கிக்கொண்டு ஷாஜியோடு அறைக்குள் போனேன். பனியனுக்கு மேலே துண்டைச் சுற்றி, அதன்மேல் சட்டையைப் போட்டால், முன்பக்கம் இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்க்கக்கூட இல்லை. துண்டை அவிழ்த்தேன். அப்போதும் நடு பொத்தான் இரண்டு சேரவில்லை. ஷாஜி முழங்காலை என் முதுகில் கொடுத்து இழுத்துப் பார்த்தான்.

"எடா, இது நாப்பது இல்லடா" என்றான்.

வெளியே மேளம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கதவைத் தட்டினார். "டேய், நேரம் போகுது. உள்ள என்னடா பண்ற?" கதவைத் திறக்கும்படி ஆயிற்று. அப்பாவை ஒதுக்கிவிட்டு அத்தை உள்ளே வந்தார். தரையில் கிடந்த துண்டைப் பார்த்தார். என் நெஞ்சைப் பார்த்தார்.

"நிச்சயத்தன்னிக்கே பாத்தேன்லா மாப்ள. முப்பத்திநாலு. முப்பது வருசமாத் தைக்கேன், எனக்குத் தெரியாதா? அதான் முப்பத்தஞ்சு வச்சுத் தச்சேன். இப்ப நெசமாவே வளந்து வந்து நிக்கீக."

"வளரலீங்க அத்தை. வீங்கிப்போச்சுங்க."

அவர் சிரிக்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்திரியை எடுத்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு ரெட்டைத் தையலாப் போட்டேன். உள் தையலப் பிரிச்சா ரெண்டு இஞ்சு கெடைக்கும். அசையாம நில்லுங்க." இரண்டு பக்கமும் நூலைச் சரசரவென்று பிரித்தார். பொத்தான் சேர்ந்தது. போகும்போது வாசலில் நின்று, "மலருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க" என்றார்.

அதற்கு அவ்வளவு சீக்கிரம் வேளை வரும் என்று நினைக்கவில்லை. தாலியைக் கையில் கொடுத்தார்கள். கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கிறது, எல்லாரும் அட்சதையை ஓங்கியபடி நிற்கிறார்கள்.

"மலரு, கொஞ்சம் குனி. கை மேல வரமாட்டீங்குது."

"ஏன், என்னாச்சு?"

"நெஞ்சளவு நாப்பதுன்னு உங்கம்மாகிட்டப் பொய் சொல்லீட்டேன். அத உண்மையாக்கறேன்னு பால் கேனத் தூக்கிச் சதை பிசகிப்போச்சு."

அவள் சட்டென்று தலையை மடிவரை தாழ்த்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று பின்னாலிருந்து யாரோ மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு மட்டும் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. உயிர் வந்தது. ஒரு முடிச்சு நான் போட்டேன், மற்ற இரண்டையும் வழக்கப்படி என் அக்கா போட்டாள்.

இதெல்லாம் நடந்து பதினொரு வருடம் ஆகிறது. கடப்பாரை தென்னைக்கே திரும்பிவிட்டது. இன்றைக்கும் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "நாப்பதா?" என்று மலர் கேட்பாள். என் மகளும் அர்த்தம் தெரிந்தே கேட்கிறாள்.

போன மாதம் மச்சினனின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குச் சட்டை தைக்க அத்தை வந்தார். வாய்வழி அளவை அவர் அன்றோடு நிறுத்திவிட்டார், டேப்தான். நெஞ்சில் வைத்தார். முப்பத்தாறு. டேப்பை அப்படியே கீழே இறக்கி, வயிற்றில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"நாப்பது வந்துட்டு மாப்ள. எடம்தான் கொஞ்சம் எறங்கிப்போச்சு."