எவர்சில்வர் டோக்கன்

மதிப்பிற்குரிய மச்சான் அருள்தாஸ் அவர்களுக்கு, வில்லியனூரிலிருந்து பிரிட்டோ எழுதுவது. மாதா புண்ணியத்தில் உங்கள் தங்கையும் பிள்ளைகளும் சுகம். நான் சுகமில்லை. போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும், மானம் போகும், அதனால்தான் கடிதம்.

உங்கள் மகள் சுவேதாவைச் சேதராப்பட்டில் எங்கள் கம்பெனியில் சேர்த்துவிடச் சொல்லியிருந்தீர்கள். வேண்டாம் மச்சான். எங்கள் லைனில் கழிவறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். மரக்கட்டையில் ஒரே ஒரு டோக்கன், அதுவும் சூப்பர்வைசர் சிவப்பிரகாசத்தின் சட்டைப்பையில். போய் நின்றால், "இன்னாடா, டேங்க்கையே குடிச்சிட்டு வந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். எனக்கோ சர்க்கரை வியாதி. பொறுக்க முடியாமல் நானும் கூட வேலை செய்யும் புகழேந்தியும் ஆட்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தோம். கேட்டுக்கு வெளியே வெயிலில் கிடந்து, போலீசோடு தள்ளுமுள்ளு ஆகி, கடைசியில் ஜெயித்தோம். சிவப்பிரகாசத்தைத் தூக்கிவிட்டு, "லைனை நீங்களே பாத்துக்குங்க" என்றது நிர்வாகம். டோக்கனைக் கேட் முன்னால் கொளுத்தினோம். நான் அழுதே விட்டேன்.

தொழிலாளர் குழுவுக்குப் புகழேந்தி தலைவன். உட்கார இடம் வேண்டுமே என்று சிவப்பிரகாசத்தின் கண்ணாடி அறைக்குள் போனான், ஏசி வீணாகிறதே என்று கதவைச் சாத்தினான், உற்பத்தி குறைகிறது என்று நிர்வாகம் முறைத்ததும் தற்காலிகமாக ஒரு டோக்கன் கொண்டுவந்தான். மரமென்றால் எவனாவது கொளுத்திவிடுவானாம், அதனால் எவர்சில்வர். 'உழைப்பாளர் உரிமை' என்று பொறித்து வேறு வைத்திருக்கிறார்கள். நேற்று அவசரமாகப் போய்க் கேட்டேன். "இன்னா தோழர், இப்பத்தானே போய்ட்டு வந்தீங்க? நாமளே இப்படிப் பண்ணா மத்தவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றான். சிவப்பிரகாசம் 'டா' போட்டார், இவன் 'தோழர்' என்கிறான். அடக்கிக்கொண்டு நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். பேன்ட் நனைந்துவிட்டது மச்சான். தண்ணி பாட்டில் கொட்டிவிட்டது என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பெண்பிள்ளைக்கு அந்தக் கேவலம் வேண்டாம். மதகடிப்பட்டில் ஏதாவது துணிக்கடையில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். சுவேதாவுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பிரிட்டோ

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் புகழேந்தி வீட்டுக்கே வந்துவிட்டான். "அந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும் தோழர்" என்று டோக்கன் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டான். நியாயமான பேச்சுதானே? இனி நான் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. சுவேதாவைத் திங்கட்கிழமையே அனுப்பிவையுங்கள். வீட்டிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள். சொந்தக்காரப் பெண்ணுக்குச் சலுகை காட்டினால் என் பேர் கெட்டுவிடும்.