கை நனைக்காத மாமனாரும் நாலு தூண் லிஃப்டும்

என் மாமனாரைக் காரோடு ஆறடி உயரத்துக்குத் தூக்கி, ஒரு மதியம் முழுக்க அங்கேயே உட்கார வைத்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொந்தத்தில் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர், வேண்டுமென்றே செய்திருந்தாலும் தப்பில்லை என்கிறார்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ், யூனிஃபார்ம், கேன்டீன் சாப்பாடு எல்லாம் உண்டு. சாலவாக்கத்துக்காரரான என் மாமனார் அதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், வேலையை விட்டுவிட்டு வீட்டை ஒட்டித் தகர ஷெட் போட்டு ஒர்க்‌ஷாப் வைக்கப் போகிறேன் என்றேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவி சுமதிக்குப் போன் போட்டார்.

"கம்பெனி மாப்பிள்ளன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிக்கீறேன். இப்ப கிரீஸ் கையோட நிக்கிறேன்னா எப்டி? அந்த ஷெட்டுல என் காலு படாது. அந்த வூட்ல இனிமே கை நனைக்க மாட்டேன். சொல்லிடு உன் வூட்டுக்காரர்கிட்ட."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னால், சாப்பாடு மட்டும் வேண்டாம் என்று அர்த்தமில்லை, உறவே வேண்டாம் என்று அர்த்தம். சுமதி ரெண்டு நாள் அழுதாள். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, ஆனால் அவள் அழுவதைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது. திறப்பு விழாவுக்கு அவரை எப்படியாவது வரவழைத்து ஒரு வாய் சாப்பிட வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அதற்குள் சாமான்கள் வந்து இறங்கின. செங்கல்பட்டில் மூடிப்போன ஒரு சர்வீஸ் சென்டரிலிருந்து காரைத் தூக்கும் நாலு தூண் லிஃப்ட் ஒன்று, பெரிய டேங்க் வைத்த ஏர் கம்ப்ரசர் ஒன்று. லிஃப்ட் விஷயத்திலாவது அடக்கமாக இருந்தேன். கம்ப்ரசர் வந்த நாளிலிருந்து நான் மனுஷனாகவே இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். ஃபேன், டிவி, அம்மாவின் தையல் மிஷின், கேழ்வரகு டப்பா. (டப்பாவுக்குள் மாவு இருந்தது. அம்மா அன்றைக்கு என்னைத் திட்டியதை எழுத முடியாது.)

திறப்பு விழா அன்று காலையில் தெருவுக்கே இலவசக் காற்று என்று அறிவித்தேன். சைக்கிள் வந்தது, மொபெட் வந்தது, கடைசியில் ஒரு டிராக்டரும் வந்தது. ஐயர் வந்து, "இந்தச் சத்தத்துல நான் சொல்ற மந்திரம் எனக்கே கேக்கல" என்றதும் கம்ப்ரசரை நிறுத்தினேன். ஆனால் டிராக்டர்காரரிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. டேங்கில் மிச்சமிருந்த காற்றெல்லாம் அந்தப் பின் சக்கரத்துக்குள் போய்விட்டது. போகட்டும், அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சுமதி போனில் கெஞ்சிக் கெஞ்சி ஒருவழியாக மாமனார் வந்தார். தெருவில் தன் பழைய வெள்ளைக் காரை நிறுத்தி, அத்தையை மட்டும் இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். சுமதி ஜன்னலோரம் போய் நின்றாள்.

"நைனா, உன் வண்டிதான் மொதல்ல ஏறணும். எனக்கோசரம் வா நைனா."

"வண்டி வேணும்னா வரட்டும். நான் எறங்க மாட்டேன்."

"அப்ப சாவியக் குடு, அவரு ஓட்டிக்கினு வரட்டும்."

"என் வண்டிய எவனும் தொடக் கூடாது" என்றவர், தானே ஓட்டி வந்து லிஃப்ட் மேடையில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என் அம்மா, ராகு காலம் வந்துகொண்டிருக்கிறது என்று கடிகாரத்தைக் காட்டினாள். லிஃப்டை மாட்டிக் கொடுத்தவர், ஆளை உள்ளே வைத்து ஏற்றவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லாம் தெரியும். இருந்தாலும் மாமனாரிடம் ஒரு தரம் கேட்டுப் பார்த்தேன்.

"மாமா, எறங்கிடுங்க. ஏத்தப் போறேன்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "சுமதி, நான் எறங்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இன்னா பண்ணணுமோ பண்ணிக்கச் சொல்லு."

பண்ணிக்கொண்டேன். பட்டனை அழுத்தினேன். வீம்பில் நானும் அந்த வீட்டு மாப்பிள்ளைதானே. டக் டக்கென்ற சத்தத்தோடு கார் மேலே போனது, கற்பூரம் எரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். ஆறடிக்குப் போய் நின்றதும் லைட் அணைந்தது, ஃபேன் நின்றது. தெருமுனையில் வைக்கோல் ஏற்றி வந்த லாரி ஒன்று கரண்ட் கம்பியை அறுத்துக்கொண்டு போய் நின்றிருந்தது. சரிசெய்யச் சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

இங்கே லிஃப்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது மேலே போகும்போது நாலு தூணிலும் இரும்புப் பல் ஒன்று படிப்படியாக மாட்டிக்கொண்டே போகும், வண்டி தவறி விழாமல் இருக்க. கீழே வர கரண்ட் தேவையில்லை, ஒரு வால்வைத் திறந்தால் போதும். ஆனால் முதலில் அந்த நாலு பல்லும் விலக வேண்டும். அவற்றை விலக்குவது கம்ப்ரசர் காற்று. அந்தக் காற்று முழுவதும் டிராக்டர் சக்கரத்தில் பத்திரமாக வீட்டுக்குப் போயிருந்தது. (ஆளுக்கொரு பல்லைக் கையால் இழுத்துப் பார்க்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு பக்கம் மட்டும் இறங்கி வண்டி சாய்ந்தால் உள்ளே இருப்பது என் மாமனார் என்பதால் அதை ஏற்கவில்லை.)

ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன். எழுபது வயதானாலும் தென்னை மரம் ஏறுகிறவர், நாலு படி இறங்கினால் முடிந்தது.

"ஏணி எங்க முடியுது?" என்று சுமதியிடம் கேட்டார்.

"தரையில தான் நைனா."

"யாரு தரையில?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. நான் ஏணிக்குக் கீழே நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். சமாதானத்துக்கு அழைத்து வந்த மனுஷனை இப்படிக் காட்சிப் பொருளாக்கிவிட்டோமே, இனிமேல் ஜென்மத்துக்கும் இவர் நம் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி ஒன்றைத் தாண்டியதும் அத்தைதான் முதலில் பதறினாள். "சுகர் மாத்தர போட்டுக்கினு வந்துட்டாரு. நேரத்துக்குச் சாப்பிடலன்னா மயக்கமாயிடும்."

சுமதி யாரையும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைவாழை இலையில் எல்லாவற்றையும் பரிமாறி, தட்டில் வைத்து ஏணியில் ஏறினாள். நான் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மேலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "இது யாரு வண்டி?"

"உன் வண்டிதான் நைனா."

"என் வண்டில குந்திக்கினு சாப்பிட்றேன். இவுங்க வூட்ல இல்ல. அத மொதல்ல எல்லாருக்கும் சொல்லிடு."

சுமதி கீழே பார்த்து எல்லோருக்கும் சொன்னாள். அவர் சாப்பிட்டார். வடையைக் கடிக்கும் சத்தம் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் அதற்கடுத்து ஒன்று உண்டல்லவா. அரைமணி நேரத்தில் மேலே ஆள் அசைய ஆரம்பித்தார். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். கடைசியில் தலையை வெளியே நீட்டி, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, கொஞ்சம் சீக்கிரம் எறக்குங்க. பேஜாராக் கீது."

தெருமுனைக்கு ஓடினேன். வைக்கோல் லாரியை ஊர்க்காரர்கள் நகரவிடாமல் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். டிரைவர் பிரேக்கை விட்டதும் புஸ்ஸென்று ஒரு சத்தம். அப்போதுதான் உறைத்தது. லாரி பிரேக்குக்குக் காற்று வேண்டும், அதற்கு அதிலேயே டேங்க் உண்டு. கம்பெனியில் வேலை பார்த்தவனுக்கு இது தோன்ற அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

"அண்ணே, காத்து வேணும்" என்றேன்.

"கம்பிய அறுத்ததுக்குப் போலீசு வரும்னு நான் பயந்துக்கினு கீறேன், நீ காத்து கேக்கற" என்றார் டிரைவர். ஆனாலும் வந்தார், ஊர்க்காரர்களும் வழிவிட்டார்கள். லாரி வைக்கோலோடு ஷெட் வாசலுக்கு வந்தது. ஹோஸைப் போட்டு என் டேங்குக்குக் காற்று ஏற்றினோம். நாலு பல்லும் விலகின, வால்வைத் திறந்தேன், கார் மெதுவாக இறங்கியது. சக்கரம் தரை மட்டத்துக்கு வந்ததோ இல்லையோ, மாமனார் ரிவர்ஸில் போன வேகத்தைச் சாலவாக்கம் ரோட்டில் யாரும் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். ஏரிக்கரைப் புதருக்குப் பின்னால் கார் நெடுநேரம் நின்றது. ஷெட் தரையில் அவர் கால் கடைசிவரை படவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தக்காரர் கல்யாணத்தில் யாராவது கோபித்துக்கொண்டு பந்திக்கு வர மறுத்தால், "லிஃப்டுல ஏத்துங்கப்பா, சாப்புடுவாரு" என்கிறார்கள். கேட்கும்போது எனக்குக் காது சுடும். என் மாமனார் மட்டும் அது வேறு யாரையோ பற்றியது மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார்.

அவர் சபதத்தை இன்றுவரை விடவில்லை. வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று வந்துவிடுகிறார். நானும் அடியில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், எந்தச் சத்தமும் இல்லை. மேடையில் நிறுத்திவிட்டு, "ஏத்துங்க மாப்ள" என்பார். ஆளை வைத்து ஏற்ற மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால் ஓரடி மட்டும் ஏற்றச் சொல்கிறார். தரை தரைதான், அதில் இருக்கக் கூடாதாம். ஒரு வருஷம் போராடிப் பார்த்துவிட்டு, ஓரடிக்கு ஒப்புக்கொண்டேன். சுமதி இலை போட்டுப் பரிமாறுவாள். போன வாரம் எனக்கு அடுத்த வண்டி காத்திருந்தது.

"மாமா, எறக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"இன்னா அவசரம் மாப்ள" என்றார். "இன்னும் மோரு வரல."